14க்கும் 18க்கும் நடுவே: திருப்பூரில் பள்ளி இடைநிற்றலும் பனியன் தொழிலும்

பத்தாம் வகுப்பைத் தாண்டாவிட்டால் வேலை கிடைக்காது என்று எல்லா ஊரிலும் ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். திருப்பூரில் அந்த எச்சரிக்கை எடுபடுவதில்லை. மின்கம்பத்திலும் மதில் சுவரிலும் 'டெய்லர், செக்கிங், பேக்கிங், கைமடி ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருக்கும் ஊர் அது. அந்த நோட்டீஸில் கல்வித் தகுதி பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. காலையில் போய் நின்றால் அன்றைக்கே வேலை, சனிக்கிழமை சம்பளம்.

ஆகவே இடைநிற்றலின் பொருளாதார விளைவைப் பேசத் திருப்பூரை எடுத்துக்கொள்வது கொஞ்சம் சங்கடமான காரியம். படிப்பை விட்டவர்கள் வேலையில்லாமல் திரிவார்கள், ஊரின் வாங்கும் சக்தி குறையும், கடைகள் காற்றாடும் என்று பாடப்புத்தகம் அடுக்கும் வரிசை இங்கே முதல் படியிலேயே முறிந்துவிடுகிறது. படிப்பை விட்டவன் வேலையில் இருக்கிறான். சனிக்கிழமை இரவு கடைவீதியில் பணம் புரள்கிறது. ஆனால் அதற்கான விலையை ஊர் கொடுக்காமல் இல்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து, வேறு கணக்கில், வேறு பெயரில் கொடுக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

ஊரும் தொழிலும்

நொய்யல் கரையில் பருத்திச் சந்தையாக வளர்ந்த ஊர் திருப்பூர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பின்னல் எந்திரங்கள் வந்தன. பல பத்தாண்டுகள் வெள்ளை உள்பனியனைத் தைத்து உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1970களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் டி-சர்ட் தேடி வரத் தொடங்கியதும் ஊரின் போக்கு மாறியது. 1984ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் எல்லா வேலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த முறை தளர்ந்து, தையலும் அதைச் சார்ந்த வேலைகளும் சிறுசிறு பட்டறைகளுக்குப் பிரிந்து போயின. ஏற்றுமதியாளர் சங்கம் 1990ல் உருவானது. உலக ஜவுளி வர்த்தகத்தில் நாடுவாரியாக ஏற்றுமதிக்கு வரம்பு வைத்த கோட்டா முறை 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. 2009ல் திருப்பூர் தனி மாவட்டமானது. 2024-25ல் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது என்பது தொழில் அமைப்புகள் சொல்லும் கணக்கு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது.

பணம் எவ்வளவு என்பதைவிட வேலை எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரு டி-சர்ட் உருவாகும் வழியைப் பாருங்கள். நூல் வாங்குவது ஒருவர். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், துணி பிறகு சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் இன்னோர் இடம். துணி ஏற்றுமதி கம்பெனிக்கு வந்து கட்டிங் முடிந்ததும் ஒரு பகுதி அங்கேயே தைக்கப்படும்; மறுபகுதி பண்டல் பண்டலாக டெம்போவில் ஏறி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போகும். பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் எல்லாம் அப்படித்தான். பிசிறு வெட்டும் வேலை சில சமயம் வீடுகள் வரை போய்விடும். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் பார்ப்பது பளபளப்பான தரையும் தீயணைப்புக் கருவியும் உள்ள முதல் கட்டிடத்தை. பள்ளியை விட்ட பையன் இருப்பதோ பெரும்பாலும் சங்கிலியின் வால்பகுதியில், ஓட்டுக் கூரைக்கோ தகரக் கூரைக்கோ கீழே, பத்துப் பதினைந்து மெஷின்கள் ஓடும் இடத்தில்.

ஏப்ரல், மே

படிப்பு நிற்பதை ஒரு முடிவாகக் கற்பனை செய்கிறோம்: பையன் ஒருநாள் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறான் என்று. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவன் அல்ல, பலரின் சாயல். திருப்பூரின் '15 வேலம்பாளையம்' பகுதியிலோ அனுப்பர்பாளையத்திலோ ஒரு லைன் வீடு. அப்பாவும் அம்மாவும் தேனிப் பக்கமிருந்தோ புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ வந்தவர்கள், இருவரும் பனியன் கம்பெனியில். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். பையன் பள்ளி முடிந்து வந்தால் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. கணக்கும் ஆங்கிலமும் எட்டாம் வகுப்பிலேயே பிடி நழுவிவிட்டன. எட்டு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. (அந்தத் தேர்ச்சி முறையை நான் குறை சொல்லவில்லை. 2019ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அரசே அதைக் கைவிட்டது சரிதான். ஆனால் பெயில் போடாமல் விட்டால் மட்டும் போதாது, பின்தங்கியவனைத் தூக்கிவிட ஆள் வேண்டும்; பல இடங்களில் அந்த ஆள் இல்லை.)

பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. முடிவு மே மாதம். பள்ளி திறப்பது ஜூனில். நடுவில் இருக்கும் அந்த வாரங்களில்தான் காரியம் நடந்துவிடுகிறது. லீவில் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அப்பாவுக்குத் தெரிந்த காண்ட்ராக்டரின் யூனிட்டில் கைமடி வேலைக்குப் போய் உட்காருகிறான். டெய்லருக்கு எதிரே அமர்ந்து, தைத்து விழும் பீஸை எடுத்து, கையோடு கையைச் சேர்த்து மடித்து, நூலை வெட்டி, அடுத்த மெஷினுக்குத் தள்ளுவது. நூல் கோன் தீர்ந்தால் ஓடிப்போய் எடுத்து வருவது. மாலையில் அடுக்கிக் கட்டுவது. கடினமான வேலை என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க விடாமல் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான். சனிக்கிழமை கவரில் பணம் வருகிறது. இரண்டாவது வாரம் வீட்டு வாடகையில் ஒரு பங்கு அவனுடையதாகிவிடுகிறது. நான்காவது வாரம் செல்போன் தவணை தொடங்கிவிடுகிறது. மே மாதம் கணக்கில் பெயில் என்று முடிவு வரும்போது அவன் மாணவனாக இருந்து தோற்கவில்லை. சம்பாதிப்பவனாக இருந்துகொண்டு அந்தச் செய்தியைக் கேட்கிறான். உடனடித் துணைத் தேர்வு இருக்கிறது, எழுதித் தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். விண்ணப்பிக்கும் கடைசி நாள் ஒரு வேலைநாளில் வருகிறது, அன்று ஷிப்மென்ட்.

இந்தச் சரிவு திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தை டேவிட் அட்கின் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். அவர் கண்டது: புதிதாக உருவான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாமல் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். அமெரிக்காவின் கென்டக்கி, பென்சில்வேனியா நிலக்கரிப் பகுதிகளில் 1970களில் சுரங்க வேலை பெருகியபோது உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை குறைந்தது. நிலக்கரி விலை விழுந்தபின் மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். வறுமை குழந்தைகளைப் பள்ளியிலிருந்து இழுக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வேலை இருப்பதும் இழுக்கிறது. இரண்டாவது இழுப்பைப் பற்றி நம் ஊரில் பேசுவது குறைவு, ஏனென்றால் அதற்கு 'வளர்ச்சி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெண்களின் கதை வேறு தடத்தில் போகிறது. நூற்பாலைகள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணத்துக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொன்ன 'சுமங்கலி'த் திட்டம் மேற்கு மாவட்டங்களுக்கு உலக அளவில் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. அதே நேரத்தில் மாநில அரசின் திருமண உதவித் திட்டம் பெண் பத்தாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து எதிர்ப்பக்கம் இழுத்தது. 2022ல் அந்தப் பணமே கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. இன்று மேல்நிலை வகுப்புகளில் நின்று பிடிப்பதில் பெண்களே முன்னால் இருக்கிறார்கள். திருப்பூரில் இடைநிற்றல் என்று பேசும்போது மனதில் முதலில் வர வேண்டிய முகம் பதினாறு வயதுப் பையனுடையது.

கொரோனா இந்தப் போக்கை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது. 2020, 2021 இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்புக்குத் தேர்வில்லாமல் தேர்ச்சி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 செப்டம்பரில். 2021ல் அப்படிப் பத்தாம் வகுப்பு தேறியவர்கள்தான் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு வந்திருக்க வேண்டும். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, பெஞ்சில் ஆள் இல்லை. இடைநிற்றல் விகிதம் என்று அரசு வெளியிடும் எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் விட்டுவைத்த நான்கு ஆண்டுகள்

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 2016ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்கிறது. 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. துணி மடிப்பது அந்தப் பட்டியலில் வராது. ஆகவே பதினைந்து வயதுப் பையனைப் பள்ளியில் இருக்கச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை. பனியன் யூனிட்டில் உட்காரக் கூடாது என்று முழுமையாகத் தடுக்கவும் ஒரு சட்டம் இல்லை.

மறுபக்கம், பெரிய ஏற்றுமதி கம்பெனிகள் பலவும் 18 வயது ஆகாதவரைச் சேர்ப்பதில்லை. வெளிநாட்டு வாங்குவோரின் விதி, ஆடிட் பயம். வாசலிலேயே ஆதார் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நல்ல விதிதான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவன் பள்ளிக்குப் போகவில்லை, அடுத்த தெருவில் இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகிறான். அங்கே பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, வருகைப் பதிவேடு இருந்தாலும் அவன் பெயர் அதில் இல்லை. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரும் என்று இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை இருபதாக உயர்த்தியது. சிறு யூனிட்டுகள் இன்னும் கொஞ்சம் இருட்டுக்குள் போகும்.

பள்ளி 14ல் கைவிடுகிறது, நல்ல கம்பெனி 18ல்தான் கை கொடுக்கிறது. நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளை மலிவான பீஸ் ரேட்டாக, அதாவது ஒரு துண்டுக்கு இவ்வளவு என்ற கூலியாக, மாற்றிக்கொள்ளும் ஒரு கீழ்த்தளம் ஊரில் உருவாகியிருக்கிறது. ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்குக்குத் தரும் கூலியைப் பைசாக் கணக்கில் இறுக்க முடிவதற்கு இந்தக் கீழ்த்தளமும் ஒரு காரணம். யூனிட் நடத்துபவரை மட்டும் வில்லனாக்குவது எளிது. அவரே பெரும்பாலும் நேற்றைய டெய்லர், கடனில் மெஷின் வாங்கியவர், பில் பாஸாக மாதக்கணக்கில் காத்திருப்பவர்.

ஏறி நின்றுவிடும் சம்பளம்

பதினாறு வயதில் கைமடியாகச் சேர்பவனின் முதல் சில ஆண்டுகள் நிஜமாகவே நன்றாக இருக்கும். மதிய உணவு வேளையில் காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து பழகுகிறான். ஓவர்லாக் தையல் மெஷின் பிடிபடுகிறது, பிறகு பேட்லாக் மெஷின். பதினெட்டில் டெய்லர். இருபத்தொன்றில் வேகம் வந்துவிடும். பீஸ் ரேட்டில் அவன் நான்கு வாரத்தில் வாங்கும் சம்பளம், கூடப் படித்துக் கல்லூரிக்குப் போனவனின் முதல் மாதச் சம்பளத்தைக் கேலி செய்யும். அந்த வயதில் அவனிடம் போய்ப் படிப்பின் பயனைப் பேசிப் பயனில்லை. அவன் கணக்கு அன்றைக்குச் சரி.

ஆனால் அந்தச் சம்பளக் கோடு அங்கேயே சமதளமாகிவிடுகிறது. பீஸ் ரேட் என்பது கை வேகத்துக்கான விலை, அனுபவத்துக்கு அதில் தனி விலை கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போடும் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், லேபிள், கைமடி என்று பிரிவு பிரிவாகக் கூலி உயரும்; ஐந்தாண்டு டெய்லருக்கும் இருபத்தைந்தாண்டு டெய்லருக்கும் ரேட் ஒன்றுதான். அதிகம் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். நாற்பதை நெருங்கும்போது கண்ணும் இடுப்பும் நேரத்தைக் குறைக்கச் சொல்லும்.

மேலே போகும் படிகள் தொழிலில் இல்லாமல் இல்லை. மெர்ச்சண்டைசர் வெளிநாட்டு வாங்குவோரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி ஆர்டரை முதலிலிருந்து ஷிப்மென்ட் வரை நடத்துகிறார். பேட்டர்ன் மாஸ்டர் இன்று கத்தரியும் அட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை, கம்ப்யூட்டரில் வரைகிறார். குவாலிட்டி கன்ட்ரோலர் அளவு அட்டவணையைப் படித்து, தவறு விகிதம் எழுதி, அறிக்கை அனுப்ப வேண்டும். நேரக் கணக்கு எடுத்து மெஷின் வரிசையை மாற்றியமைக்கும் இன்ஜினியர், சாய ஆய்வகத்தில் நிறம் கலப்பவர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர். இவற்றில் பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தரையில் இருந்து வந்த ஒரு கெட்டிக்கார டெய்லர் பிரமாதமாகச் செய்வார், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் நாலு வரி ஆங்கிலமும் இருந்தால். தையலை அறிந்தவருக்குக் காகிதம் தெரியாது, காகிதம் அறிந்து வருபவருக்குத் தையல் தெரியாது. திருப்பூரை அடுத்த முதலிப்பாளையத்தில் ஏற்றுமதியாளர்களே 1990களில் பின்னலாடைக் கல்லூரி தொடங்கியதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். ஆனால் அந்தக் கல்லூரிக்குள் நுழைய முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது கண்டிப்பாக ஒரு முதலாளியின் பெயரைச் சொல்வார்கள்: அவர் எட்டாம் வகுப்புதான், இன்று நூறு கோடி வியாபாரம். உண்மை. திருப்பூரின் பெருமையே அதுதான். டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் வந்து கம்பெனி வைத்தவர்கள் அங்கே கதைகளில் மட்டும் வாழவில்லை, சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏறியது 1980களின் ஏணியில். இரண்டு பழைய மெஷின், ஒரு வாடகைக் கட்டிடம், உறவுக்காரர் நம்பிக்கையில் கடன், இவை போதுமாயிருந்தது. இன்று அதே இடத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு, சமூகப் பொறுப்பு ஆடிட், வங்கி உத்தரவாதம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, வாங்குவோரின் மென்பொருளில் தினசரிப் பதிவு எல்லாம் வேண்டும். பழைய வெற்றிக் கதையை நம்பி இன்று பள்ளியை விடும் பையனுக்கு அந்த ஏணியின் முதல் மூன்று படிகள் மட்டுமே மிச்சம்.

ஊரின் கணக்கு

தனிமனித நஷ்டம் இருக்கட்டும். ஊருக்கு என்ன?

அடி விழும்போதுதான் அது தெரிகிறது. 2011 ஜனவரி இறுதியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சுமார் 700 சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நதியின் நிலையைப் பார்த்தால் தவிர்க்க முடியாத உத்தரவு. சாயம் நின்றதும் அதற்குப் பின்னால் இருந்த தையல் வரிசைகளும் தடுமாறின. அந்த மாதங்களில் ஊரைவிட்டுப் போனவர்களில் யாரால் வேறு தொழிலில் ஒட்டிக்கொள்ள முடிந்தது என்பதில் கல்வியின் பங்கு பெரிது. அறுபது கிலோமீட்டருக்குள் கோயம்புத்தூர் இருக்கிறது: பம்ப் தொழிற்சாலை, வார்ப்பட ஆலை, எந்திரப் பட்டறை, மென்பொருள் பூங்கா. பட்டறைக்கு ஐ.டி.ஐ. கேட்பார்கள், ஐ.டி.ஐ. பல பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கும். பேட்லாக் மட்டும் தெரிந்த முப்பது வயதுக்காரருக்கு அங்கே பெரும்பாலும் சுமை தூக்கும் வேலைதான். அதன்பின் 2016 பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு, 2021-22 நூல் விலையேற்றம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி. ஒவ்வொரு முறையும் முதலில் நிற்பது ஜாப் ஒர்க், முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பதிவில் பெயர் இல்லாத ஆள். ஒரே தொழிலை நம்பிய ஊரில், அந்த ஒரே தொழிலின் ஒரே மெஷினை மட்டும் அறிந்த தொழிலாளர் படை இருந்தால், வெளியிலிருந்து வரும் எந்த அடியும் இரட்டிப்பாக விழும்.

இரண்டாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. உலகச் சந்தை பருத்தியிலிருந்து செயற்கை இழைத் துணிக்கு நகர்ந்து நாளாயிற்று. விளையாட்டு உடை, உடற்பயிற்சி உடை எல்லாம் அந்தத் துணியில்தான். திருப்பூர் இன்னும் பருத்தியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாற வேண்டும் என்று சங்கக் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காகப் பேசுகிறார்கள். வேறு சாய முறை, வேறு ஊசி, வேறு தையல் இறுக்கம், வேறு தரச் சோதனை. புது எந்திரத்தைக் கடன் வாங்கி இறக்கிவிடலாம். அதன் கையேட்டைப் படித்துப் பத்துப் பேருக்குச் சொல்லித்தரும் மேற்பார்வையாளரைக் கடன் வாங்க முடியாது. ஊரின் குழந்தைகளில் ஒரு பகுதி பதினாறில் கைமடிக்குப் போய்விட, நடுப்படி ஆட்களுக்குக் கம்பெனிகள் வெளியூர் விளம்பரம் கொடுக்கின்றன.

அடிப்படி ஆட்களுக்கும் அதே கதை. உள்ளூர்க் குடும்பங்கள் நிமிர நிமிர இடைவெளியை ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நிரப்பினார்கள். அவர்கள் வந்ததில் குறை காண்பவன் நானல்ல. திருப்பூரே வந்தவர்களால் ஆன ஊர். ஆனால் அவர்களிலும் ஒரு பகுதியினர் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள்; அவர்கள் ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் தையல் வரிசையைப் புதிதாகப் பழக்கியெடுக்கும் செலவைத் தொழில் நிரந்தரமாகச் சுமக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் பயந்து ரயிலேறியபோது முதலாளிகள் பட்ட பதற்றம் அந்தச் சார்பு எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டியது.

மூன்றாவது, முதுமை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பங்களிப்பு வேண்டும். குறைந்தபட்சத் தொகையே 1,000 ரூபாய்தான். பதினைந்து வயதில் பதிவில்லாத யூனிட்டில் தொடங்கி, காண்ட்ராக்டர் மாறி காண்ட்ராக்டராக உழைத்த ஒருவர் முப்பதாண்டு வேலை செய்தும் ஏட்டில் பத்தாண்டைக் காட்ட முடியாமல் நிற்கலாம். அவரைத் தாங்கப்போவது மகனின் சம்பளம். அந்த மகன் அப்போது பத்தாம் வகுப்பில் இருப்பான்.

என்ன செய்தார்கள், எது பொருந்தவில்லை

ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1990களில் கைமடி வேலையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சாதாரணமாக இருந்தார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், குழந்தையை ஆபத்தான வேலையில் வைப்பவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறப்புப் பள்ளிகள், தொண்டு அமைப்புகளின் இடைவிடாத உழைப்பு, வெளிநாட்டு வாங்குவோரின் நெருக்கடி, மதிய உணவு, இலவசப் பஸ் பாஸ் எல்லாம் சேர்ந்து அந்த வயதுப் பிள்ளைகளைக் கணிசமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டன. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இந்த வெற்றிதான் மிச்சமிருப்பதைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வயதுப் பிரச்சினையைத் தீர்த்த கருவிகள் பதினாறு வயதுப் பிரச்சினைக்குப் பொருந்தவில்லை.

2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் பணம் வரத் தொடங்குவது உயர்கல்விக்கோ ஐ.டி.ஐ.க்கோ போன பிறகு. படிப்பை விடலாமா என்று பையன் யோசிப்பது பத்தாம் வகுப்பு முடிந்த மே மாதத்தில். அப்போது அவன் கைக்கு எட்டுவது காண்ட்ராக்டர் தரும் வாரக் கவர் மட்டும். திருப்பூர் மாதிரியான மாவட்டங்களிலாவது அந்தத் தொகையைப் பதினொன்றாம் வகுப்பு வருகையோடு இணைத்து இரண்டாண்டு முன்னதாகக் கொடுத்துப் பார்க்கலாம். கைமடிக் கூலிக்கு அது ஈடாகாது. வீட்டு வாடகையில் அவன் பங்கு என்று ஒன்று இருந்தால், அதைப் பள்ளிக்குப் போய்க்கொண்டே கொடுக்க முடிகிறது என்ற கணக்குப் போதும்.

செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறியவர்களின் பட்டியல் முடிவு வந்த அன்றே பள்ளியில் இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் கல்வித் துறையின் கணினியில் தனி எண் இருக்கிறது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்காதவனின் வீட்டுக் கதவைத் தட்டுவதை ஜூன் இறுதிக்குள் முடிக்க வேண்டும். ஆகஸ்டில் தட்டினால் திறப்பவன் மாணவன் அல்ல, கைமடி ஆள். தட்டும் நேரமும் முக்கியம். பகல் பதினொரு மணிக்கு லைன் வீடுகளில் ஆள் இருப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் இருப்பார்கள்.

தொழில்துறையின் பக்கம் கேட்க வேண்டியது கொஞ்சம் கசப்பானது. 18 வயதுக்குக் கீழ் ஆள் எடுக்க மாட்டோம் என்ற விதியைத் தங்கள் கேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், தாங்கள் பண்டல் அனுப்பும் யூனிட் வரை கொண்டுபோக ஏற்றுமதியாளர்கள் தயாரா? அப்படிக் கொண்டுபோனால் யூனிட் நடத்துபவர் கைமடிக்குப் பெரியவர்களை வைக்க வேண்டும், பி.எஃப். கட்ட வேண்டும், பீஸுக்கான கூலி உயர வேண்டும். எவ்வளவு உயரும் என்பதை எந்த ஏற்றுமதியாளரும் அரை மணியில் போட்டுச் சொல்லிவிடுவார். ஊசி, நூல், பாலிபேக் வரை பைசாக் கணக்கில் காஸ்டிங் போடும் ஊர் அது. அந்தப் பைசாவை வாங்குவோரிடம் கேட்பதா, தன் லாபத்தில் எடுப்பதா என்பதுதான் தகராறு. 50 சதவீத வரி போன்ற அடி விழும் ஆண்டுகளில் இதைப் பேசுவது பொருத்தமில்லை என்பார்கள். ஆர்டர் குவிந்த ஆண்டுகளிலோ பேச நேரமில்லை என்றார்கள். அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கான வயது வரம்பையும் குறைந்தபட்ச பீஸ் கூலியையும் ஒரே கோரிக்கையாகத் தொழிற்சங்கங்கள் வைக்கலாம். இதுவரை அவை இரண்டையும் தனித்தனியாகவே பேசிவருகின்றன.